இருபத்திரண்டரைக் கிலோ மணல்

கடலோர விடுதி, மாடி அறை
புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

மரியாதைக்குரிய மாமாவுக்கு, உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது.

நலம் விசாரிக்கிற பகுதியை முதலிலேயே முடித்துவிடுகிறேன். நான் நலம். தங்கை நலம். அப்பா நலம், அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையும் நலம். உங்கள் பல்வலியும் அத்தையின் முட்டிவலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையவில்லை என்றால் தெரியப்படுத்துங்கள், ஊருக்கு வந்ததும் வருத்தப்படுகிறேன், இப்போது நேரமில்லை. உங்கள் அக்காவும் நலம். சாதாரண நலமில்லை, நலத்துக்கு மேல் நலம். இந்தக் கடிதமே அதைப் பற்றிய புகார்தான்.

போன் செய்யாமல் ஏன் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். இந்த அறையில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, ஜன்னலோரம். அங்கே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உங்கள் அக்கா கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்கிற எண்ணமே இல்லை. அது தவிர, கல்வி அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருபது வருஷம் உட்கார்ந்த பழக்கத்தில், யார் எதைப் பற்றி முறையிட்டாலும் "எழுத்துல குடுங்க, பாக்கலாம்" என்பவர் நீங்கள். சமையலறைக் குழாய் ஒழுகுவதை அத்தை எழுத்தில் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது என்று கேள்வி. ஆகவே நானும் எழுத்தில் கொடுக்கிறேன். இன்னொன்று, இந்தக் கடிதம் முழுவதும் அவரை "உங்கள் அக்கா" என்றுதான் குறிப்பிடுவேன். ஆள் யாருடைய பொறுப்பு என்பதில் பின்னால் குழப்பம் வரக் கூடாது. அவர் இந்த உலகத்தில் யார் பேச்சையாவது கேட்பார் என்றால் அது தம்பி பேச்சைத்தான், அதுவும் அவருக்குப் பிடித்த மாதிரி இருந்தால்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அக்கா முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினார். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒன்பதாம் பாடம் இந்தக் கடற்கரைதான். பழைய துறைமுகம், கலங்கரை விளக்கம், கோட்டை, "வசந்தத்தில் காற்று திரும்பும்போது கப்பல்கள் வந்து ஏழு வாசல் கோட்டையின் நிழலில் நங்கூரம் பாய்ச்சும்" என்று ஒரு வரி. அந்த வரியை முப்பத்திரண்டு தடவை கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் கோட்டையை வரைந்து, ஏழு வாசலுக்கும் அம்புக்குறி போட்டவர், கோட்டையை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. போகட்டும், நானும்தான் நிலாவைப் பற்றிப் படித்தேன். ஆனால் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி டிரைவரின் மகள் பரீட்சையில் "ஆறு வாசல்" என்று எழுதிவிட்டாள். அரை மார்க் போயிற்று. அந்த அரை மார்க்கில் அவளுடைய முதலிடம் இரண்டாமிடம் ஆயிற்று. பெண் அழவில்லை, சண்டை போடவில்லை. "எங்கப்பா சரக்கு எறக்கப் போனப்ப எண்ணிப் பாத்தாரு டீச்சர், ஆறுதானாம்" என்று மட்டும் சொன்னாளாம். "புத்தகத்துல ஏழு" என்றாராம் உங்கள் அக்கா. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றைக்குக் காலில் ஏறிய முள் இன்னும் இறங்கவில்லை. ஒரு வசந்தத்தில் அங்கே போக வேண்டும், வாசலை எண்ண வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று வருஷா வருஷம் சொல்வார். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார். அப்பாவின் கடையில் தூரப்பார்வைக்குக் கண்ணாடி கிடைக்கும், ஆனால் அவருக்கு அடுத்த வருஷம் மட்டும்தான் எப்போதும் தெளிவாகத் தெரியும்.

போன ஜூனில் உங்கள் அக்கா ஓய்வு பெற்றார். இந்த வருஷம் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். லிஃப்ட் பரிசோதனைப் பொறியாளன் நான். ஒரு கட்டடத்தில் புது லிஃப்ட் மாட்டினால், ஆட்கள் ஏறுவதற்கு முன்னால் நான் போய்ச் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் யாரும் ஒரு மாடிகூட மேலே போக முடியாது, அப்படிப்பட்டவனுக்கு ஒரு வாரப் பயணம் ஒரு பொருட்டா? மூன்று தாளை ஒட்டி, சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் திட்டத்தை மாட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் நேரம், பொறுப்பாளர், அவர் சொதப்பினால் மாற்றுப் பொறுப்பாளர். பதினேழாம் வரி, பெட்டியை யாரும் கையிலிருந்து விடக் கூடாது. இருபத்து மூன்றாம் வரி, புறப்படுமுன் எல்லாரும் ஒருமுறை கழிப்பறை, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதற்குக் கீழே தங்கை பென்சிலால் "அண்ணா மூச்சு விடுதல், இரண்டு நிமிடம்" என்று எழுதி வைத்தாள். பிசியோதெரபி படிக்கிற பெண்ணுக்கு நகைச்சுவை ஒன்றுதான் குறைச்சல். கோட்டைக்கு ஐம்பத்தைந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தேன். உங்கள் அக்கா சாப்பிட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.

"எண்றதுக்கு எவ்வளவு நேரம்டா போட்டிருக்க?"

"வாசலுக்கு நாலு நிமிஷம். ஏழு நாலு இருபத்தெட்டு."

"ஆறா இருந்தா?"

"நாலு நிமிஷம் மிச்சம்."

அவர் மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். சண்டை போட்டிருந்தால் நான் ஜாக்கிரதையாக இருந்திருப்பேன்.

வாரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது, மாமா. மார்ச் முதல் வாரம் பார்த்தேன், காற்று அதிகம். இரண்டாம் வாரம் பள்ளிக்கூடச் சுற்றுலாக் கூட்டம். மூன்றாம் வாரம் எனக்கு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட். கடல் ஏறி இறங்கும் அட்டவணையையும் எடுத்து வைத்துக்கொண்டு, தண்ணீர் மிகக் குறைவாக அசைகிற வாரமாகப் பார்த்து, ஏப்ரல் கடைசி என்று முடிவு செய்தேன். பாதுகாப்பு முக்கியம். உங்கள் அக்கா "அது வசந்தமாடா, கோடை" என்றார். காலண்டர்படி அந்த வாரத்திலும் நான்கு நாள் வசந்தம் பாக்கி இருக்கிறது என்று காட்டினேன். அப்போது தங்கை தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அப்பா பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டாரு, நீ சோதிச்சுப் பாத்துட்டுத் தள்ளிப் போடற. அப்பாவுக்கு இத்தனை பேப்பர் செலவாகல." நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏப்ரல் பயணத்துக்கு மார்ச் கடைசிச் சனிக்கிழமை ஒரு ஒத்திகை வைத்தேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. புது லிஃப்டில் நாங்கள் ஆளை ஏற்றிச் சோதிப்பதில்லை, மணல் மூட்டை ஏற்றுவோம். எட்டுப் பேர் லிஃப்ட் என்றால் பத்துப் பேர் எடை, அதாவது கால் பங்கு கூடுதல். அது தாங்கினால்தான் எட்டுப் பேர் நிம்மதியாகப் போகலாம். பயணத்துக்கும் அதே முறைதான். வீட்டிலிருந்து டாக்சி, டாக்சியிலிருந்து ஸ்டேஷன், பிளாட்பாரத்தில் நமது ரயில்பெட்டி நிற்கும் இடம், ரயில் வந்ததும் வாசல்வரை போய் நிற்பது, பிறகு வீட்டுக்குத் திரும்புவது. பெட்டிகளில் துணிமணி வைத்தால் கசங்கும் என்று கம்பெனியிலிருந்து சோதனை மணல் பைகளைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ, தடித்த பச்சைக் கான்வாஸ், வாய் தைத்து நம்பர் போட்டது. என் பெட்டியின் எடை பதினெட்டுக் கிலோ என்று கணக்கு, கால் பங்கு கூட்டினால் இருபத்திரண்டரை, ஒன்பது பை. அப்பாவுக்குப் பன்னிரண்டு, கூட்டினால் பதினைந்து, ஆறு பை. தங்கை தன் பெட்டிக்குள் தலையணையை வைத்துவிட்டு "என் மனசு கனமா இருக்கு, அதுவே போதும்" என்றாள். உங்கள் அக்கா மட்டும் "என் பெட்டியை நானே அடுக்கிக்கறேன்" என்றார். தூக்கி எடை பார்த்தேன். ஒன்பது கிலோ இருநூறு கிராம். என் கணக்கு ஒன்பது. எனக்கு அவ்வளவு சந்தோஷம், திறந்து பார்க்கவில்லை. பரிசோதனைப் பொறியாளன் செய்யவே கூடாத தப்பு அது.

புறப்படும் முன் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னேன், ஒத்திகை என்கிற வார்த்தையை இன்றைக்கு யாரும் உச்சரிக்கக் கூடாது, நிஜமாகவே கிளம்புகிறோம் என்று நினைத்தால்தான் தப்பெல்லாம் வெளியே வரும் என்று.

"நெஜம்னே நெனச்சுக்கணுமாடா?" என்று கேட்டார் உங்கள் அக்கா.

"நூத்துக்கு நூறும்மா."

"சரி" என்றார். சாட்சிக்கு அப்பாவும் தங்கையும் நின்றார்கள். அப்பா அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக என்னை நேராகப் பார்க்கவில்லை. இப்போது யோசித்தால் புரிகிறது.

ஸ்டேஷன்வரை எல்லாம் அருமை. டாக்சி இரண்டு நிமிஷம் முன்னதாகவே வந்தது. டிரைவர் என் பெட்டியைத் தூக்கிவிட்டுக் கீழே வைத்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு "வீட்டையே பேத்து எடுத்துட்டு வந்துட்டீங்களா சார்?" என்றார். பிளாட்பாரத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். ஏழு நாற்பதுக்கு ரயில் வந்தது. உங்கள் அக்கா வாசல்வரை போனார், கம்பியைப் பிடித்தார், ஏறினார். ஒத்திகையில் இவ்வளவு ஈடுபாடா என்று எனக்கே பெருமையாக இருந்தது. "ரொம்ப நல்லா பண்ணம்மா, எறங்கு" என்றேன். உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். "போதும்மா, நேரம் குறிச்சாச்சு" என்றேன். செருப்பைக் கழற்றி இருக்கைக்குக் கீழே தள்ளினார். அவரை இறக்கிக் கொண்டுவர நானும் ஏறினேன், பதினேழாம் வரி ஞாபகத்தில் இருந்ததால் பெட்டியை விடாமல் இழுத்துக்கொண்டே ஏறினேன். நான் ஒத்திகையின் நோக்கத்தை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது ரயில் நகர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், தங்கை குதித்துக் குதித்துக் கையாட்டுகிறாள். அப்பா தொப்பியைக் கழற்றி, "போயிட்டு வாங்க" என்கிறார். மாமா, பதினெட்டு வருஷமாகப் பாத்துக்கலாம் என்றவர் வாயிலிருந்து போயிட்டு வாங்க என்று வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, ரயில் மட்டும்தான் ஓடியது.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். மானம் போகப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். உங்கள் அக்கா கைப்பையிலிருந்து இரண்டு டிக்கெட்டை எடுத்து நீட்டினார். இரண்டு! ஒன்றில் என் பெயர், என் வயது, என் இருக்கை எண், அதுவும் நடைபாதைப் பக்கம், ஏனென்றால் எனக்கு அடிக்கடி எழுந்து நிற்கிற வியாதி உண்டு என்று அவருக்குத் தெரியும். "நீ எறக்கிவிட ஏறுவே, பெட்டியோட ஏறுவேன்னு தெரியும்டா" என்றார். அப்பாவுக்கு ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "அவரைக் கூப்பிட்டா பாத்துக்கலாம்பாரு. கூப்பிடாம போனாத்தான் வருவாரு. அஞ்சு நாள் குடு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பரிசோதகர் வழியில் கிடந்த என் பெட்டியை ஓரமாக நகர்த்தப் பார்த்தார், அது நகரவில்லை.

"என்ன சார் இதுல?"

"மணல்."

"எங்க போறீங்க?"

"கடற்கரைக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உங்கள் அக்காவைப் பார்த்து, "பாத்துக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே வந்து இறங்கினோம். எனக்கு மாற்றுத் துணி கிடையாது, பிரஷ் கிடையாது என்று விடுதி வாசலில் கத்தினேன். அவருடைய பெட்டியைத் திறந்தார். என் சட்டை இரண்டு, பேன்ட் ஒன்று, பிரஷ், நான் தினமும் போட்டுக்கொள்கிற மாத்திரை வரைக்கும் இருந்தது. ஒன்பது கிலோ இருநூறு கிராமில் ஒன்றரைக் கிலோ நான்தான்.

அதன் பிறகு நடப்பதைத்தான் சகிக்க முடியவில்லை, மாமா. திட்டம் என்று ஒன்றும் கிடையாது. காலையில் எழுந்ததும் எங்கே போகிறோம் என்று கேட்டால் "கால் போற பக்கம்" என்கிறார். அப்படி ஒரு வரியை எந்தத் தாளில் எழுதுவது? துறைமுகச் சுவரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, வலை பின்னுகிறவரிடம் முடிச்சு எப்படி என்று கேட்டு, அவருடைய மூத்த மகளுக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லி, வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கலங்கரை விளக்கத்தில் நூற்று நாற்பது படி. திருப்பத்துக்குத் திருப்பம் உட்கார்ந்து, கீழே வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, அவர்கள் எந்த ஊர், என்ன படிப்பு என்று விசாரித்துக்கொண்டே ஏறினார். இருபது நிமிஷம் போட்டிருந்தேன், இரண்டு மணி நேரம் ஆயிற்று. கோட்டையை ஒரே மூச்சில் சுற்றி எண்ணிவிடலாம் என்றேன். "ஒரு நாளைக்கு ரெண்டு வாசல் போதும்" என்றார். எதற்கு என்று கேட்டால், "இத்தனை வருஷம் காத்திருந்துட்டு இருபத்தெட்டு நிமிஷத்துல முடிச்சா எப்படிடா?" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை முதல் வாசலில் நின்று எனக்குப் பாடம் எடுத்தார். எனக்கு மட்டும் எடுத்திருந்தால் பரவாயில்லை, பள்ளிக்கூடக் குரல், பக்கத்தில் போகிறவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். வழிகாட்டி என்று நினைத்துக்கொண்டு பதினோரு பேர் பின்னாலேயே வந்தார்கள். "மொத்தம் ஏழு வாசல், இன்னிக்கு ரெண்டு" என்றார் அவர்களிடம். நாளைக்கு எத்தனை மணிக்கு என்று ஒருவர் கேட்டார். "பத்து மணி, லேட்டா வந்தா வெளியே நிக்கணும்" என்றார். மாமா, மறுநாள் பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே பதினோரு பேரும் நின்றார்கள். என் திட்டத்துக்கு என் சொந்தத் தங்கைகூட அந்த மரியாதை கொடுத்ததில்லை.

நேற்று, செவ்வாய்க்கிழமை, ஐந்தாவதும் ஆறாவதும். ஆறாவது தாண்டியதும் மதில் வளைந்து கடலுக்குள் இறங்குகிறது. அதற்கப்புறம் தண்ணீர்தான். உங்கள் அக்கா மதில்மேல் கையை வைத்தபடி கடைசிக் கல்வரை நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். பதினோரு பேரும் காத்திருந்தார்கள். ஒரு அம்மாள் மெதுவாக, "டீச்சர், ஏழாவது?" என்றார்.

உங்கள் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். "இல்ல. ஆறுதான். நான் சொன்னது தப்பு" என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்திருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. திரும்பி வரும்போது, "புத்தகத்துல அச்சடிச்சவன் தப்பும்மா, நீ என்ன பண்ணுவ" என்றேன். "அச்சடிச்சவன் மார்க் போடலடா, நான்தான் போட்டேன்" என்றார். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. காலையிலிருந்து இந்த ஜன்னலோரம்தான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வந்த வேலை முடிந்துவிட்டது. எண்ணியாயிற்று, ஆறு. இனி இங்கே உட்கார்ந்து கடலை முறைப்பதில் எந்தப் பயனும் இல்லை. உடனே போன் போட்டு, நாளை மாலை ரயிலில் கிளம்பச் சொல்லிக் கண்டித்துப் பேசுங்கள். நடந்ததையெல்லாம் ஒத்திகையின் நீட்சி என்று எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் கடைசி வாரப் பயணம் திட்டமிட்டபடி, நூற்றுப் பன்னிரண்டு வரியும் வரிசை மாறாமல் நடக்கும். வாசல் எண்ணுவதற்கு இருபத்து நான்கு நிமிஷம் என்று திருத்திவிட்டேன். உங்கள் ஊருக்குப் போகிற நாலு மணி பஸ்ஸில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், காலையில் கைக்குக் கிடைத்துவிடும்.

அத்தைக்கு என் வணக்கம். குழாயை நான் வந்து பார்க்கிறேன், இனி எழுத்தில் எதுவும் தர வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். உங்கள் பல்லும் அவருடைய முட்டியும் நீண்ட நாள் உழைக்க வாழ்த்துகிறேன்.

நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையுடன்,
உங்கள் அக்கா மகன்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை, சாயங்காலம்): மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

புதன்கிழமை நாலு மணி பஸ் போய்விட்டது. மூன்று நிமிஷம் தாமதம், என் வாழ்க்கையில் முதல் தடவை, காரணம் இந்தக் கடிதத்தின் நீளம். கையில் கடிதத்தோடு திரும்பி வரும்போது கோட்டைக் காவலாளி கூப்பிட்டார்.

"தம்பி, மூணு நாளா உங்கம்மா என்னத்த எண்றாங்க?"

"வாசலை."

"எத்தனை வந்துச்சு?"

"ஆறு."

"ஏழாவது தண்ணிக்குள்ளல்ல இருக்கு? வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடல் நல்லா உள்வாங்கும், அப்பத் தெரியும். பாத்தவங்களும் அதைச் சாக்கடைன்னு நெனச்சுட்டுப் போயிருவாங்க."

அங்கேயே நின்று கடல் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை நாலு முப்பத்தைந்துக்கு மாதத்திலேயே மிகக் குறைந்த மட்டம். ஏப்ரல் கடைசி வாரத்தையும் பார்த்தேன். தண்ணீர் மிகக் குறைவாக அசைகிற வாரம் என்று நானே பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய வாரம் அல்லவா? அந்த வாரம் முழுக்க ஏழாவது வாசலின் நெற்றிகூடத் தண்ணீருக்கு மேலே வராது. என் திட்டம் சரியாக நடந்திருந்தால் அம்மா அதைப் பார்த்தே இருக்க மாட்டாள். நூற்றுப் பன்னிரண்டு வரிகளுக்கும் கீழே நான் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை, அவள் குளிக்கப் போன நேரத்தில் ஜன்னலோரம் நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "பாத்துக்கலாம்" என்றார். வைத்துவிட்டேன். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். "எந்த ட்ரெயின்டா?" என்றார்.

இன்று மதியம் வந்து இறங்கினார். அம்மா "ஆறு நாள் ஆச்சு, ஒரு நாள் லேட்டு" என்றாள், அவ்வளவுதான், அவர் கையிலிருந்த பெட்டியைக்கூட வாங்கவில்லை. நான்கு மணிக்குக் கோட்டைக்குப் போனோம். பதினோரு பேருக்கும் நான்தான் காலையில் விடுதி விடுதியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். கடல் இறங்கிக்கொண்டே போயிற்று. மதில் வளைகிற இடத்துக்கு அப்பால், பாசி பிடித்த கல் வளைவு ஒன்று மெல்ல மெல்லத் தலை நீட்டியது. சாக்கடை மாதிரிதான் இருந்தது. அம்மாவின் கை என் தோளை அழுத்திய அழுத்தத்தில் அது சாக்கடை இல்லை என்று தெரிந்தது. ஆனால் எங்களுக்கும் அதற்கும் நடுவில் முழங்கால் புதையும் சேறு. "ரொம்ப நேரம் இருக்காது, இங்கேர்ந்தே பாத்துக்குங்க" என்றார் காவலாளி. அம்மா தலையாட்டினாள். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டாள். ரயிலில் கழற்றினாளே, அதே மாதிரி.

நான் விடுதிக்கு ஓடினேன், மாமா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். ஒன்பது மணல் பைகளையும் சேற்றில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன், பதினோரு பேரும் கைமாற்றிக் கொடுத்தார்கள். ஐந்தில் மூன்று பங்கு தூரம்தான் வந்தது. ஆறு பை குறைந்தது. பதினேழாம் வரிப்படி தன் பெட்டியைக் கையிலிருந்து விடாமல் எட்டிப் பார்த்தபடி நின்ற அப்பா, "என் பெட்டியில என்ன இருக்குன்னு பாரேன், வீட்டுக் கதவுகிட்ட ரெடியா இருந்துச்சு, அப்படியே எடுத்துட்டு வந்துட்டேன். தூக்க முடியல" என்றார். ஒத்திகை முடிந்து ஆறு நாளாக அந்தப் பெட்டியை அவர் திறக்கவே இல்லை! பதினைந்து கிலோ. ஆறு பை. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பை பையாகக் கால் வைத்துப் போனாள், பின்னாலேயே அப்பா ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு. வளைவில் உள்ளங்கையை வைத்தாள். "ஏழு" என்று சத்தமாகச் சொல்லவில்லை. கரையில் நின்ற நான் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். திரும்பி வந்ததும் "இதுக்குத்தான் மணலைத் தூக்கிட்டு வந்தியாடா?" என்று கேட்டாள். "ஆமா, திட்டத்துல இருந்துச்சு" என்றேன். நம்பவில்லை. ஆனாலும் என் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டாள்.

அப்படியானால் புத்தகமும் சரி, மார்க்கும் சரிதானே என்று ஆறுதல் சொல்லப் போனேன். "இல்லடா" என்றாள். "லாரி நிக்கிற எடத்துலேர்ந்து பாத்தா ஆறுதான். அந்தப் பொண்ணோட அப்பா கண்ணால கண்டதைச் சொன்னாரு, அவ எழுதினா. நான் காணாததை எழுதச் சொன்னேன். அரை மார்க் அவளோடதுதான்."

ஆகவே என் புகாரை இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதே கடிதத்தை விண்ணப்பமாக மாற்றித் தருகிறேன். பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய எட்டாம் வகுப்புப் பதிவேடு உங்கள் அலுவலகத்தில் இருக்கும். அந்தப் பெண்ணின் விலாசத்தை எடுத்துத் தர வேண்டும். முதலிடத்தைத் திருத்த முடியுமா என்றும் அம்மா கேட்கிறாள். மணல் பைகளில் மூன்றைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது, நாளை மூன்று புதுப் பை தைத்து இங்கிருந்தே மணல் நிரப்பிக்கொண்டு வர வேண்டும், அதனால் போகும்போதும் என் பெட்டியில் மணல்தான். ஏப்ரல் பயணம் ரத்து. எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

அம்மா பக்கத்திலேயே நின்று வாசித்துவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள்: "பாக்கலாம்னு மட்டும் சொல்லிடாதேன்னு உன் மாமாவுக்கு எழுது."